கோல்சா வாசல் தாண்டவில்லை

என்னைப் பார்த்து எந்த வீட்டு நாயும் வாலாட்டியதில்லை. மனுசங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்கள் பள்ளத்தாக்கில் புல் பார்க்கிற வேலை என்னுடையது. முதல் பனி விழுகிற சமயத்தில் வீடு வீடாகப் போக வேண்டும். கோடையில் அறுத்துக் காயவைத்து அடைத்திருக்கிற புல்லுக்குள் தோள் வரைக்கும் கையை விட்டு, அடியில் சூடு கண்டிருக்கிறதா, பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று மோந்து பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, "இந்தப் புல்லுக்கு இத்தனை ஆடுதான் தாங்கும், மிச்சத்தை இப்பவே வெட்டிரு" என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஆடு வளர்க்கிற எந்த சம்சாரி சிரிப்பான்? காப்பி மட்டும் கொடுப்பார்கள். அதுவும் கருகின காப்பி.

குளிர்காலக் கடைசியில் மறுபடியும் ஒரு சுற்று உண்டு. அப்போது புல்லோடு சேர்த்து ஆடுகளின் முதுகையும் தடவிப் பார்ப்பேன். கம்பளிக்கு அடியில் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டால் ஊர்ச் சபைக்குச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் கத்தியோடு வருவார்கள். ஆட்டைப் பட்டினி போட்டுச் சாகவிடுவதைப் போல அசிங்கம் எங்கள் ஊரில் வேறு கிடையாது. குடித்துவிட்டுக் கோயில் வாசலில் விழுந்து கிடப்பவனைக்கூட அடுத்த வாரம் மறந்துவிடுவோம். ஆட்டைப் பட்டினி போட்டவனைப் பேரன் காலம் வரைக்கும் சொல்லிக் காட்டுவோம்.

அந்த வருசம் மார்ச் கடைசியில் ஆஸ்முந்த் வீட்டுக்குப் போனேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவன் வீடு, இந்தப் பக்கம் என் வீடு. ஆஸ்முந்த் ஊரில் இல்லை. எங்கள் பக்கத்து ஆம்பளைகள் பாதிப்பேர் மாதிரி அவனும் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு தெற்கே மீன்பிடிக்கப் போய்விட்டான், இனி மே மாசம்தான் வருவான். வீட்டில் அவன் பெண்டாட்டி ஹால்பெராவும், அவனுடைய கல்யாணம் கட்டாத அக்கா தோராவும்தான். ஒரு பசு, ஒரு நாய், ஐம்பதுக்குக் கொஞ்சம் கூடுதலாய் ஆடுகள்.

வீடே தெரியவில்லை. மண்ணோடு பெயர்த்து அடுக்கின புல்கட்டிச் சுவரும் புல்கூரையும் பனிக்குள் மூடிக் கிடக்க, புகை வருகிற ஓட்டை மட்டும் தெரிந்தது. பனிச்சறுக்குக் கட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, அவர்கள் வெட்டி வைத்திருந்த சுரங்கம் வழியாகக் குனிந்து இறங்கினேன். உள்ளே தோரா கருவாட்டைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீரா அண்ணாச்சி," என்றாள், தட்டுவதை நிறுத்தாமல். "எமன் வர்ற மாதிரி நேரம் பாத்து வாரீரே. உம்ம காலடிச் சத்தம் கேட்டாலே பசுவுக்குப் பால் வத்திப் போவுது."

"பால் வத்துனதுக்கு என் காலடி காரணமில்ல தாயி. புல்லு காரணம். ஹால்பெரா எங்க?"

"எங்க இருப்பா? கொட்டத்துலதான். ஆட்டுக்குப் பொறந்தவ மாதிரி அங்கயே கெடக்கா. சோறு திங்கவும் வாரதில்ல."

ஆட்டுக்கொட்டத்தில் ஹால்பெரா முட்டிபோட்டு உட்கார்ந்து, குளிர்ந்து விறைத்த கையால் தொட்டியில் புல்லைப் பரப்பிக்கொண்டிருந்தாள். ஒரு பிடியை எடுத்து உதறி, தூசியைக்கூடச் சிந்தவிடாமல் மடியில் ஏந்தி, அதையும் தொட்டியில் கொட்டினாள். நெட்டையான பொம்பளை, கடற்கரைக்காரி. கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ஆடுகளுக்குப் போட்டது போக மிச்சத்தைத்தான் அவள் தின்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

நான் புல்லறைக்குள் போனேன். கையை விட்டேன். தோள் வரைக்கும் விட வேண்டிய அவசியமே இல்லை, முழங்கை மண்சுவரில் முட்டியது. போன கோடை முழுக்க மழை. அறுத்த புல்லில் பாதி வயலிலேயே அழுகிப்போயிற்று, எல்லார் வீட்டிலும் இதே கதைதான். அப்புறம் ஆடுகளின் முதுகு. ஒவ்வொன்றாய்த் தடவிக்கொண்டே போனேன். கோல்சாவிடம் வந்தபோது கை நின்றுவிட்டது. வெறும் எலும்பு.

கோல்சாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மந்தைக்கு முன்னால் போகிற ஆடு அது. கழுத்தும் நெஞ்சும் கறுப்பு, மேல்பாகம் வெள்ளை. நெட்டைக்கால், கண்ணில் ஒரு அதிகாரம். எங்கள் பக்கம் ஒவ்வொரு மந்தைக்கும் இப்படி ஒன்று இருக்கும். காலையில் கொட்டத்தைத் திறந்தால் முதலில் அது தலையை வெளியே நீட்டும். வானத்தை மோந்து பார்க்கும். அது இறங்கினால் மந்தை இறங்கும். அது திரும்பி உள்ளே போய்விட்டால், வெயில் பல்லைக் காட்டிச் சிரித்தாலும் நாங்கள் மந்தையை வெளியே ஓட்ட மாட்டோம். சாயங்காலத்துக்குள் புயல் வரும் என்று அர்த்தம். இதைக் கேட்டு நடந்தவன் பிழைத்தான், கேட்காதவன் மந்தையோடு போனான் என்று எல்லார் வீட்டிலும் ஒரு கதை இருக்கும். கோல்சாவுக்கு வயசாகிவிட்டது. இரண்டு வருசமாய்க் குட்டி போடவில்லை. இலையுதிர் காலத்தில், "இதைக் கழிச்சிரு" என்று நான் சொன்னபோது ஹால்பெரா குறுக்கே வந்து நின்றாள்.

"புல்லு இன்னும் எத்தனை நாளைக்கு வரும்னு நினைக்க?" என்று கேட்டேன்.

"நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. உங்க சோலிதான அது."

"ரெண்டு வாரம். இழுத்துப் பிடிச்சா மூணு. தரையில புல்லு முளைக்க மே பாதி ஆயிரும். பாதி ஆட்டை வெட்டிட்டா மிச்சம் பிழைக்கும்."

"எல்லாம் சினையாடு."

"தெரியும்."

"ஒரு வெட்டுக்கு ரெண்டு உசுரு."

"தெரியும்மா. எனக்கு மட்டும் சந்தோசமா?"

அவள் எழுந்து பாவாடையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டினாள். தட்டியதையும் தொட்டியில் போட்டாள். "ஒண்ணையும் வெட்ட விட மாட்டேன்," என்றாள். கத்திச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு நேரமாச்சு என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவளும் ஆஸ்முந்தும் அடுத்தவன் வீட்டில் கூலிக்குக் கிடந்தார்கள். அதுவும் ஒரே வீட்டில் இல்லை. அவன் ஒரு பண்ணை, அவள் ஒரு பண்ணை. புருசன் பெண்டாட்டி முகம் பார்ப்பது கோயிலில்தான், வாரத்துக்கு ஒருதடவை. ஒவ்வொரு ஆடாய்ச் சேர்த்துத்தான் இந்த நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தார்கள். மந்தை பாதியானால் குத்தகை கட்ட முடியாது, நிலம் கையை விட்டுப் போகும். மறுபடியும் அவன் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

காப்பி குடிக்க வீட்டுக்குள் போனோம். கருவாட்டில் வெண்ணெய் தடவித் தோரா தட்டில் வைத்துவிட்டு மறுபடி சுத்தியலை எடுத்தாள். கற்கண்டுக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு நான் காப்பியை உறிஞ்சினேன். ஹால்பெரா உட்காரவில்லை.

"மந்தையை செல்விக் ஊருக்கு ஓட்டிட்டுப் போறேன்," என்றாள்.

தோராவின் சுத்தியல் நின்றது. "எங்க?"

"எங்க அண்ணன் வீட்டுக்கு. கடற்கரையில பனி தங்காது மதினி. தண்ணி வத்துற நேரத்துல பாறை பூராம் கடல்பாசி கெடக்கும். எங்க அண்ணன் ஆடு அதைத் தின்னுதான் குளிர்காலத்தை ஓட்டுது. புல்லு முளைக்கிற வரைக்கும் அங்க வச்சிருந்து ஓட்டியாரேன். இங்க இருக்கிற புல்லு பசுவுக்கு ஆகும்."

"பாசியா?" தோராவின் மூக்கு சுருங்கியது. "ஏட்டி, நம்ம ஆடு மலைப்புல்லு தின்ன ஆடு. மானமுள்ள ஆடு. பாசியை மோந்துகூடப் பாக்காது. நீ வேணா சின்னதுல அதைத் தின்னு வளந்திருப்ப."

"ஆமா மதினி, தின்னுதான் வளந்தேன். அதான் உங்க வீட்டுல பத்து வருசம் வாயைத் திறக்காம இருக்க முடியுது."

எனக்குச் சிரிப்பு வந்து காப்பி மூக்கில் ஏறிவிட்டது. தோரா என்னைப் பார்த்த பார்வையில் மிச்சக் காப்பியும் ஆறிப்போயிற்று.

"நடுவுல அந்த மேட்டுவெளி இருக்கே, அதை மறந்துட்டியா?" என்றேன். "ஒருநாள் பூராம் நடை. வயித்துல குட்டியோட மந்தை. காத்து அடிச்சா ஒதுங்க ஒரே ஒரு கல்குடிசை."

"பனி இப்ப நல்லா இறுகிக் கெடக்கு. ஆட்டுக்காலு உள்ள போவாது. நீங்க சபைக்கு எப்ப சொல்லணும்?"

"இன்னைக்கே சொல்லணும். அதான் சட்டம்."

"நாளைக்குக் காலையில கிளம்புறேன். மந்தை இங்க இல்லைன்னா நீங்க எதைப் பத்திச் சொல்லப் போறீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. வராதா பின்னே? சட்டத்தைக் கையில் வைத்திருக்கிறவன் நான், என் முகத்துக்கு நேரே இப்படி. எழுந்து கட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். விசயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரி, "அவளைத் தனியா அனுப்பிட்டு நீ இங்க வந்து கஞ்சி குடிக்கப் போறியாக்கும்?" என்று கேட்டாள். அதற்கு மேல் அந்த வீட்டில் எனக்கு என்ன பேச்சு இருக்கிறது? விடிந்ததும் முதுகில் ஒரு மூட்டை புல்லைக் கட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டினேன்.

அப்படியொரு காலை. ஒரு மேகம் இல்லை, காற்று இல்லை. பனி பளிங்கு மாதிரி இறுகிக் கிடந்தது. ஹால்பெரா ஆட்டுத்தோல் செருப்பை இறுக்கிக் கட்டி, ஆஸ்முந்தின் பெரிய கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். கொட்டத்துக் கதவைத் திறந்தாள்.

கோல்சா வந்து தலையை நீட்டியது. மோந்து பார்த்தது. திரும்பி உள்ளே போய்விட்டது.

"கோல்சா, வா," என்றாள் ஹால்பெரா. வரவில்லை. மூலையில் போய் சுவரைப் பார்த்து நின்றுகொண்டது. மந்தையும் அசையவில்லை.

தோரா கையைக் கட்டிக்கொண்டாள். "சொல்லியாச்சு. சாயங்காலம் வருது புயல்."

நானும் மூட்டையை இறக்கி வைத்தேன். எனக்கும் சந்தேகம் இல்லை. ஹால்பெராவும் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். மூணு பேரும் அன்று முழுக்கச் சுரங்கத்து வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். புளித்த மோர்த்தண்ணியில் ஊறின, ரத்தம் அடைத்த ஆட்டுக்குடலைத் தோரா துண்டு போட்டுக் கொடுத்தாள், தின்றோம். வரட்டி போட்டு அடுப்பை மூட்டினாள். வெயில் மலைக்குப் பின்னால் போகிற வரைக்கும் ஒரு ஊதல்கூட வரவில்லை.

அடுத்த நாளும் அதே வெயில். கோல்சா தலையை நீட்டியது, உள்ளே போய்விட்டது.

"அப்படின்னா பெரும்புயலு," என்றாள் தோரா. "அதான் ரெண்டு நாள் முன்னாலயே தெரிஞ்சுக்கிட்டு."

"கண்டிப்பா பெருசுதான்," என்றேன் நான்.

புல் குறைந்துகொண்டே வந்தது. ஹால்பெரா அன்றைக்குக் குத்துச்செடிக் குச்சிகளைப் பனியைத் தோண்டி வெட்டிக்கொண்டு வந்து ஆடுகளுக்குப் போட்டாள். விரல்களெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. "நாளைக்கு அது வந்தாலும் வராட்டாலும் போறேன்," என்றாள்.

"கோல்சா சொல்லைத் தட்டிட்டா?" தோரா நெஞ்சில் கை வைத்தாள். "என் தம்பி வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"நான் சொல்லிக்கிடுதேன் மதினி."

மூணாம் நாளும் நல்ல வெயில். ஹால்பெரா கோல்சாவின் கொம்பைப் பிடித்து இழுத்தாள். நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு அது வர மறுத்தது. பின்னாலிருந்து தள்ள நான் குனிந்தேன். கையை அடிவயிற்றுக்குக் கொடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

"என்ன அண்ணாச்சி?"

"மடி," என்றேன். "மடி இறங்கியிருக்கு."

ஹால்பெரா முட்டி போட்டுக் கம்பளியை விலக்கிப் பார்த்தாள். மே மாசத்துக்கு முன்னால் எங்கள் பக்கம் ஆட்டு மடியை எவன் பார்ப்பான்? முதுகைத்தான் பார்ப்போம். அதுவும் மலடு என்று கழித்துப்போட்ட கிழட்டு ஆடு. அது வாசல் தாண்டாததற்கும் வானத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குட்டி போடுகிற நேரம், மூலை தேடியிருக்கிறது. நாங்கள் மூணு பேரும் நல்ல வெயிலை வீணாக்கிவிட்டு வானத்தைப் பார்த்து வாய்பிளந்து நின்றிருக்கிறோம்.

ஹால்பெரா அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பும் அழுகையும் கலந்த சிரிப்பு.

மத்தியானம் கோல்சா குட்டி போட்டது. ஒல்லிக் குட்டி, நடுங்கிக்கொண்டு எழுந்து நின்றது. தோரா அதைச் சாக்கால் துடைத்து, அதன் மூக்கைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"வெக்கங்கெட்டவளே, இந்த வயசுல," என்று கோல்சாவைத் திட்டினாள். "மத்ததெல்லாம் மே மாசம் போட இருக்கு, இவளுக்கு மட்டும் என்ன அவசரம். எந்தக் கிடா வேலை இது? மூக்குல வெள்ளைப் பொட்டு, ஒரு காது மடக்கு. இந்தப் பள்ளத்தாக்குல மடக்குக் காது யார் வீட்டுல இருக்கு?"

இரண்டு பொம்பளைகளும் என்னைப் பார்த்தார்கள். இலையுதிர் காலத்தில் என் கிடா ஒன்று சுவரைத் தாண்டி இரண்டு நாள் காணாமல் போனது உண்மைதான்.

"புல்லு இல்லைன்னு ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுவீரு," என்றாள் தோரா. "உம்ம கிடா வந்து எங்க வீட்டுல ஒரு வாயைக் கூட்டிட்டுப் போயிருக்கு."

காப்பி இருக்கிறதா என்று கேட்டேன்.

மறுநாள் விடியும்போது மேற்கே மெல்லிசாய் மேகம் கோடு போட்டிருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. சொன்னேன்.

"எனக்கும்தான் பிடிக்கலை," என்றாள் ஹால்பெரா. "ஆனா இனிமே காத்திருந்தா பசுவுக்கும் புல்லு மிஞ்சாது."

கோல்சா மூலையை விட்டு அசைவதாக இல்லை. ஹால்பெரா குனிந்து குட்டியைத் தூக்கினாள். கோல்சாவின் முகத்துக்கு நேரே ஒருதடவை காட்டினாள். கோட்டைத் திறந்து குட்டியை நெஞ்சோடு வைத்து, தலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி பொத்தானைப் போட்டாள். பின்பக்கமாகவே நடந்து வாசலைத் தாண்டினாள். குட்டி கத்தியது. கோல்சா ஒரு நிமிசம் நின்றது. அப்புறம் ஓடி வந்தது, வாசலைத் தாண்டிப் பனியில் இறங்கியது. அது இறங்கினதும் மந்தை முழுக்க மடை திறந்த மாதிரி அதன் பின்னால் வந்தது.

தோரா சுரங்கத்து வாசலில் நின்றாள். "ஏட்டி," என்று கூப்பிட்டாள். ஹால்பெரா திரும்பினாள். தோரா தன் கம்பளிக் கையுறையைக் கழற்றிக் கொடுத்தாள். "உன்னோடது ஓட்டையா இருக்கு. திருப்பிக் கொண்டாந்து கொடு."

முன்னால் ஹால்பெரா, அவளுக்குப் பின்னால் கோல்சா, அப்புறம் மந்தை, கடைசியில் நானும் நாயும். மேடேறும் வரைக்கும் நன்றாகத்தான் போனோம். வழி தெரிவதற்காக அந்தக் காலத்துப் பெரியவர்கள் கல்லை அடுக்கிக் குவித்து வைத்திருக்கிறார்கள், ஒரு குவியலில் நின்றால் அடுத்தது தெரியும். நடுவெளிக்கு வந்தபோது அடுத்த குவியல் தெரியவில்லை. அப்புறம் நின்றிருந்த குவியலும் தெரியவில்லை.

புயல் வந்துவிட்டது. கோல்சா சொல்லாத புயல்.

முகத்துக்கு முன்னால் நீட்டின கை தெரியாது. கண்ணிமையில் பனி ஒட்டி இறுகும், பிய்த்து எடுக்க வேண்டும். எனக்கு முன்னால் நாலைந்து ஆட்டு முதுகு மட்டும் தெரிந்தது, அதற்கு முன்னால் வெள்ளை. மந்தை நின்றால் செத்தது. நின்ற இடத்தில் பனி மூடிவிடும். முன்னாலிருந்து குட்டியின் சத்தம் வந்தது. "மே" என்று மெல்லிசாய் ஒரு இழுப்பு. உடனே கோல்சா கனத்த குரலில் பதில் சொன்னது. ஆடுகள் அந்தச் சத்தத்தைப் பார்த்து நகர்ந்தன. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி குட்டி கத்தியது, மறுபடி தாய் பதில். ஹால்பெரா குட்டியின் காதைக் கிள்ளிக் கத்த வைக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. கெட்டிக்காரி.

கல்குடிசையை எப்படிக் கண்டுபிடித்தாளோ தெரியாது. காற்றை இடது கன்னத்தில் வாங்கிக்கொண்டே நடந்தேன் என்று பின்னால் சொன்னாள். மந்தையைக் குடிசையின் மறைவில் நெருக்கி நிறுத்திவிட்டு இரண்டு பேரும் உள்ளே குந்தினோம். கோல்சா கதவிடுக்கில் தலையை நுழைத்து அவள் கோட்டை மோந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"குட்டிக்குப் பால் காட்டலையா?"

"வழியிலயே குடிச்சிருச்சு. தூங்குது."

"கொடு, நான் கொஞ்ச நேரம் வச்சிருக்கேன். உனக்கும் பாரம்."

"கோட்டைத் திறந்தா குளிர் உள்ள ஏறிரும் அண்ணாச்சி." பல் கிட்டிப்போய்ப் பேசினாள். "நீங்க பின்னாலயே இருங்க. ஒண்ணையும் விட்டுறாதீங்க. எந்திரிங்க, போவோம்."

"கொஞ்சம் காத்து அடங்கட்டும்."

"அடங்காது. எந்திரிங்க."

மறுபடி வெள்ளைக்குள் இறங்கினோம். குட்டி கத்தியது, தாய் பதில் சொன்னது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. என் கால் என்னுடையதாக இல்லை. உட்காரலாம் என்று பல தடவை தோன்றியது, அந்தச் சத்தம் வந்ததும் காலை எடுத்து வைத்தேன். ஒல்லிக் குட்டிக்கு இவ்வளவு தெம்பா என்று வியப்பாய் இருந்தது. என் கிடாவுக்குப் பிறந்தது அல்லவா என்று கொஞ்சம் பெருமையும் வந்தது. போகப் போகக் குரல் கம்மிக்கொண்டே வந்தது, ஆனால் நிற்கவே இல்லை. இறக்கத்தில் மூணு ஆடுகள் படுத்துவிட்டன. தூக்கிப் பார்த்தேன், எழவில்லை. விட்டுவிட்டு வந்தேன். கடல் இரைச்சல் கேட்டபோதுதான் இறங்கிவிட்டோம் என்று தெரிந்தது.

செல்விக்கில் அவள் அண்ணன் யோஸ்டைன் விளக்கோடு ஓடி வந்தான். "கிறுக்கி, நீயா?" என்றான். உடனே கொட்டத்தைத் திறந்துவிட்டான். ஆடுகள் உள்ளே போய் ஒன்றன்மேல் ஒன்றாய் விழுந்தன. கோல்சா மட்டும் விழவில்லை. ஹால்பெராவின் முன்னால் வந்து நின்று கோட்டையே பார்த்தது.

"இப்பவாவது அதை எறக்கி விடு," என்றேன். "தாய் தவிக்குது பாரு."

ஹால்பெரா பொத்தானைக் கழற்றினாள். விரல் மடங்காததால் யோஸ்டைன்தான் கழற்றிவிட்டான். குட்டியை வெளியே எடுத்து தரையில் வைத்தாள். கால் நீட்டியபடி விறைத்துக் கிடந்தது. இப்போது செத்ததில்லை அது. எத்தனையோ வருசம் ஆட்டோடு புழங்கியவன் நான், எனக்குத் தெரியாதா?

"எப்ப?"

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. நான் காதைக் கொண்டுபோனேன்.

"குடிசைக்கு முன்னாடியே," என்று காற்றாய்ச் சொன்னாள். "தாய்கிட்ட பாலே இல்ல அண்ணாச்சி."

"அப்ப அவ்வளவு தூரம் கத்துனது?"

அவள் தொண்டையைக் கையால் தடவிக்கொண்டாள். பிறகு, "உங்க கிடாவுக்குப் பொறந்தது. காப்பாத்த முடியலை," என்றாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதேன், அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

காலையில் காற்று நின்றிருந்தது. தண்ணீர் வற்றி, பாறையெல்லாம் பழுப்பும் பச்சையுமாய்ப் பாசி மினுங்கியது. யோஸ்டைனின் ஆடுகள் வழக்கம்போல் இறங்கி மேயத் தொடங்கின. எங்கள் மந்தை மேட்டில் நின்று பார்த்தது. தோரா சொன்னது சரிதான், ஒன்றுகூட மூக்கை வைக்கவில்லை. பசியில் கால் தள்ளாடிக்கொண்டு மானத்தோடு நின்றன. கோல்சா வரவேயில்லை, கொட்டத்தில் செத்த குட்டியை மோந்துகொண்டு நின்றது.

ஹால்பெரா அதே கோட்டைப் போட்டுக்கொண்டு பாறை நுனிக்கு நடந்தாள். பாசிக்குள் நின்றாள். அப்புறம் குட்டியின் குரலில் கத்தினாள்.

உடைந்த குரல்தான். ஆனாலும் கொட்டத்துக்குள்ளிருந்து கோல்சா பதில் சொன்னது. ஓடி வந்தது, மந்தையைக் கிழித்துக்கொண்டு, வழுக்குப் பாறையில் காலை ஊன்றி ஊன்றி இறங்கியது.

"இது வேண்டாம் ஹால்பெரா," என்றேன். எனக்குத் தாங்கவில்லை. "பாவம், அதை ஏமாத்துற."

"ஏமாத்துறேன்தான்," என்றாள். "தெரிஞ்சுதான் ஏமாத்துறேன். பாவம் எனக்கு வரட்டும். மந்தை வயிறு நெறையட்டும்."

கோல்சா அவளிடம் வந்தது. கோட்டை மோந்தது. கோட்டுக்குள் மூக்கை விட்டு, அங்கும் இங்கும் தேடியது. ஒன்றுமில்லை. தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தது. ஹால்பெரா குனிந்து ஒரு கை பாசியைப் பிய்த்து, முதலில் தன் வாயில் போட்டு மென்றாள். மிச்சத்தை நீட்டினாள். கோல்சா வெகுநேரம் நின்றது. பிறகு அவள் கையிலிருந்து வாங்கித் தின்றது.

மேட்டில் நின்ற ஆடுகள் ஒன்றிரண்டாய் இறங்கின. அப்புறம் மொத்தமும் இறங்கியது. எங்கும் மெல்லுகிற சத்தம். யோஸ்டைன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

மத்தியானம் தண்ணீர் ஏறத் தொடங்கியது. பாசி தின்கிற ஆட்டுக்குக் கடல் ஏறுவது தெரியாது, பாறையிலேயே நின்று முழுகிப்போகும், அதனால் நேரத்துக்கு மேலே கூப்பிட்டாக வேண்டும். எங்கள் ஆடுகளுக்கு அது என்னவென்றே தெரியாது. பசி வேறு. கழுத்தை நிமிர்த்தவே இல்லை, சுற்றித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நாய் குரைத்தது, நான் கத்தினேன், அவை காதில் வாங்கவில்லை. ஹால்பெரா மேட்டில் நின்று வாயைத் திறந்தாள். குட்டியின் குரலும் வரவில்லை, அவள் குரலும் வரவில்லை. வெறும் காற்று. இன்னொரு தடவை முயன்றாள். கையை விரித்து, வா என்று காட்டினாள்.

கோல்சா தலையைத் தூக்கியது. ஏறுகிற தண்ணீரைப் பார்த்தது. மேட்டில் நிற்கிற அவளைப் பார்த்தது. வாயில் இருந்த பாசியை மென்று முடித்தது. பிறகு திரும்பி, ஒரு சத்தமும் கேட்காமல், பாறைக்குப் பாறை தாண்டி மேலே ஏறி வந்தது. மந்தை முழுக்க அதன் பின்னால் ஏறியது.

அவளைத் தாண்டிப் போகும்போது அது கோட்டை மோந்து பார்க்கவில்லை. நேரே கொட்டத்துக்குப் போய், வாசலைத் தாண்டி உள்ளே நுழைந்தது.